கதவோரம் மெத்தென்ற இடம்

ராத்திரி எட்டு மணி. ஏரிக்கரை ரோடு. ரெண்டு பக்கமும் பைன் மரம், எதிரில் ஒரு வண்டி கிடையாது. ஆர்லன் தன் பிக்கப்புக்குப் பின்னால் ஒரு பழைய டிரெய்லர் வீட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு வரான். நம்ம மரமில்லில் ரம்பம் ஓட்டுற ரெய்னோ இருக்கானே, அவனோட அக்கா புருஷன்தான் இந்த ஆர்லன். ரெய்னோ வாயால் நான் கேட்டது இது. அடுப்பில் இன்னொரு கட்டை போடுங்க...

பழைய டிரெய்லரை வாங்கி, சரிபண்ணி விற்கிறது ஆர்லனுக்குப் பழக்கம். அந்த வருஷம் அவசரமும் சேர்ந்துக்கிச்சு. மனைவி வெர்னா வயித்தில் பிள்ளை. பனி விழுறதுக்குள்ள இதை வித்து, சமையலறையை ஒட்டிக் குழந்தைக்கு ஓர் அறை எடுக்கணும்.

டிரெய்லரை வித்தது, புருஷனை இழந்த ஒரு அம்மா. குளிர்காலத்தில் அந்தப் புருஷன் அதை உறைஞ்ச ஏரி மேலேயே இழுத்துட்டுப் போய் நிறுத்தி, மீன் பிடிப்பாராம். ஒரு மார்ச் மாசம், பனிக்கட்டி தாங்குதான்னு பார்த்துட்டு வரேன்னு இறங்கினவர்... அவ்வளவுதான்.

டிரெய்லர் கதவை ஒட்டி, உள்ளே, தரை ஓரிடத்தில் மெத்துன்னு இருந்தது. அந்தம்மா அதைக் காட்டினாங்க.

"இதை மட்டும் தொடாதே தம்பி. இந்தக் கால்மிதி இப்படியே மேல கிடக்கட்டும். போதும்."

தண்ணி இறங்கிப் பலகை உளுத்திருக்கு, மறைக்கப் பார்க்கிறாங்கன்னு ஆர்லன் நினைச்சான்.

டுலூத் டவுனிலிருந்து சனிக்கிழமை டிரெய்லரை வாங்க ஆள் வருது. ஆர்லனுக்கு உட்காரவும் முடியலை, படுக்கவும் முடியலை. காபிக் குவளையோட டிரெய்லரைச் சுத்திச் சுத்தி வந்தான். கதவைத் திறப்பான், குதிகாலால் அமுக்கிப் பார்ப்பான், மூடுவான். மறுபடி திறப்பான்.

"பிரிச்சா எவ்வளவு தூரம் உளுத்திருக்கோ... அடியில் இருக்கிற சட்டம் வரைக்கும் போயிருந்தா சனிக்கிழமைக்குள்ள முடியாது," என்றான்.

"அப்ப பிரிக்காதே. தரை இப்படித்தான்னு சொல்லி, இருக்கிறபடி வித்துடு," என்றாள் வெர்னா.

"வர்றவன் முதல் அடியே அங்கதான் வைப்பான். கால் அமுங்கினா ஓடியே போயிருவான்."

"ஓடினா ஓடட்டும். உனக்குக் கை அரிக்குது, அதைச் சொல்லு. என்னைப் பார்த்தாலே எங்க ஆணி அடிக்கலாம்னு பார்க்கிற ஆளாச்சே நீ!"

சிரிச்சான். மனசு அடங்கலை. புதன்கிழமை கால்மிதியைத் தூக்கிக் குப்பையில் எறிஞ்சுட்டுப் பலகையை அறுத்தெடுத்தான்.

ஈரமே இல்லை. உளுப்பும் இல்லை. சருகாக் காய்ஞ்ச பலகை... அமுக்கினா ரொட்டி மாதிரி உள்ளே போச்சு.

புதுப் பலகை போட்டான். மறுநாள் கதவோரம் கல்லு மாதிரி இருந்தது. ஓர் எட்டு உள்ளே... மெத்துன்னு. ஓர் ஆள் ரெண்டு காலையும் சேர்த்து வச்சு நிக்கிற அளவு. ஈரக் கம்பளி வாசனை. மீன் செதில் வாசனை.

அதையும் மாத்தினான். வெள்ளிக்கிழமை அது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

பட்டப்பகலில்தான் அதையும் பிரிச்சான். கடைசித் திருகாணியை முடுக்கும்போது, அடியிலிருந்து... டொய்ய்ங்ங்... ஏரி உறையும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு சத்தம் ஓடுமே, அது. வெளியே செப்டம்பர் வெயில்.

சனிக்கிழமை வந்த ஆள் உள்ளே குதிச்சே பார்த்தான். "என் வீட்டுத் தரைகூட இவ்வளவு கெட்டி இல்லைங்க!" வண்டியில் கட்டி இழுத்துட்டுப் போயிட்டான். அன்னைக்குத்தான் ஆர்லன் தூங்கினான்.

அறை எழும்பிச்சு. பொண்ணு பிறந்தது. பனியும் விழுந்தது. ஒருநாள் காலை, சமையலறை வாசலில் பூட்ஸை மாட்டும்போது, ஆர்லனுக்குக் கால் அமுங்கிச்சு.

குனிஞ்சு பார்த்தான். காலுக்கு அடியில் அந்தக் கால்மிதி.

"இது எப்படி இங்க வந்தது?"

"குப்பையிலிருந்து நான்தான் எடுத்தேன். நல்லாத்தானே இருக்கு? துவைச்சுப் பரணில் போட்டிருந்தேன். நேத்துதான் விரிச்சேன்."

பச்சை உடம்புக்காரிகிட்ட எதைன்னு சொல்றது? ஆர்லன் கால்மிதியை இழுத்து நேராக்கினான்.

"இந்த இடத்தை மட்டும் தொடாதே வெர்னா. கால்மிதி இப்படியே கிடக்கட்டும்."

கேட்டவளுக்கு வேடிக்கை. ஊர்த் தரையெல்லாம் பிரிக்கிறவன், சொந்த வீட்டுத் தரையைத் தொடாதேங்கிறான்! ஆர்லன் ராத்திரியில் எழுந்து எழுந்து போய் அந்த இடத்தை அமுக்கிப் பார்த்துட்டு வருவான். நகரலை. அதே இடம். அந்த நிம்மதியில் நாள் ஓடிச்சு.

ஜனவரியில் ஒருநாள் வேலை விட்டு வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்ததும் புதுப் பலகை வாசனை.

"ரெய்னோ வந்திருந்தான்," என்றாள் வெர்னா, ஒரே சந்தோஷம். "மச்சானுக்கு நேரமே கிடைக்கலைபோலன்னு அவனே பிரிச்சு மாத்திட்டான். மிதிச்சுப் பாரேன், கல்லு மாதிரி!"

ஆர்லன் மிதிச்சுப் பார்த்தான். கல்லு மாதிரிதான் இருந்தது.

அங்கிருந்து ஓர் எட்டு உள்ளே, குழந்தை அறை.

"வெர்னா... கால்மிதி எங்க?"

"தரை ஜில்லுன்னு இருக்கேன்னு தொட்டில் முன்னால போட்டேன். மெதுவாப் போ, இப்பதான் தூங்கினா."

போனான். கால்மிதி சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. நடுவில் மட்டும், ரெண்டு பாதம் அளவுக்கு, தொட்டிலைப் பார்த்தபடி... காய்ஞ்சிருந்தது.