டாலிகஞ்சில் ஜெர்மன் பாடம்

இல்ல மாப்ள, அத்தா தொழுகைக்குப் போயிருக்காரு, கடையில நான்தான். உக்காரு. லெட்டருதானே, பாக்கலாம் இரு. உங்க சிப்பிகாட்டுப் பக்கம் தபால் குடுக்குற டாக்பாபு எட்டிப் பாக்குறதில்லன்னு பாதி ஜனம் எங்க டாலிகஞ்ச் கடை விலாசத்துக்குத்தான் லெட்டர் வரவழைக்குது. எல்லார் தலையெழுத்தும் உப்பு மூட்டைமேலதான் கெடக்கும்.

ஜெர்மனி டிரெயினிங்குக்கு நாம தயாரான லட்சணத்தை யோசிச்சுப் பாரு, சிவஞானம். ரெண்டு பி.எஸ்ஸி.க்கு ஒரே புஸ்தகம், அதுவும் இங்கிலீஷ்காரனுக்கு எழுதினது. இங்கிலீஷும் ஜெர்மனும் டச்சும் ஒரு தாய் புள்ளைங்கன்னு முன்னுரையில போட்டிருக்கான். பங்காளிங்கன்னு சொல்லியிருந்தா அப்பவே உஷாராயிருப்பேன். கரண்டி ஆம்பளையாம், முள்கரண்டி பொம்பளையாம், கத்தி ரெண்டுமில்லையாம். நல்லவேளை, நாம கையால திங்கிறவங்க.

அகராதியா? எஸ்ஸுல பாதியைக் கரையான் தின்னுட்டுது. இந்தத் தீவுலயே நல்லா ஜெர்மன் படிச்சது அதுதான்.

புஸ்தகத்தோட வந்த அந்தப் பாட கிராமபோன் தட்டு மட்டும் என்ன வாழுது. மூணாம் தட்டுல ஆளு ஓட்டல்ல சாப்பாடு கேக்குறான், அஞ்சாம் தட்டுல ஆஸ்பத்திரியில கெடக்குறான். நாலாம் தட்டு கப்பல்ல வர்றப்பவே உடைஞ்சுபோச்சு. என்னத்தைத் தின்னானோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

சிரிக்காத. இது போச்சுன்னா உனக்கு ஆயுசுக்கும் பண்ணையில வாழைக்கன்னு, எனக்கு இங்க வெங்காயம். பட்டம் வாங்கினதை ரெண்டு வீட்டுலயும் சட்டம் போட்டு மாட்டிக்க வேண்டியதுதான்.

ஆமா, கப்பல் வந்து நாலு நாளாச்சு. ஆமா, தபால் மூட்டையும் வந்துச்சு. ஏன் மூஞ்சியையே பாக்குற?

எனக்கா? எனக்கு வரல. கடைக்கு வந்த தபால் கட்டை மூணு தரம் பிரிச்சுப் பாத்துட்டேன்.

இந்தா. சட்டைப் பையிலேயே வச்சிருந்ததுல மை கொஞ்சம் கலைஞ்சிருக்கு, உன் பேரு படிக்கலாம். நாலு நாளும் உனக்குச் சொல்லி அனுப்பணும்னு நினைச்சேன், அனுப்பல. பிரிக்கல மாப்ள. விளக்குல தூக்கிப் பாத்தேன், என் யோக்கியம் அவ்வளவுதான். மெட்ராஸ்ல பன்னெண்டாம் தேதி இன்டர்வியூ. இன்னைக்கு ஏழு. கப்பலுக்கு நாலு நாளு வேணும், அடுத்தது வர இருபது நாளாகும்.

என்னை அப்புறம் வந்து திட்டு. ரெண்டு பேருக்கும் சேத்து கப்பல்ல பங்க்கு டிக்கெட்டு சொல்லி வச்சிருந்தேன். காலையில போயி என் பேரை மட்டும் அடிச்சுட்டு வந்துட்டேன். அஞ்சு மணிக்குக் கப்பல் எடுத்துருவான். ஓடு.