மேற்படி பெல்ட்டும் ஒரு தம்பியும்

குளித்து முடித்ததும் தரையைத் துடைத்துவிட்டு வெளியே வருகிறவன் நான். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அத்தை இதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். எதைக் கொண்டு துடைக்கிறேன் என்று மட்டும் அவள் கேட்டதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் காப்புரிமை அலுவலகத்துக்கு என்னை யாரும் இழுத்து வரவில்லை ஐயா. நானாகத்தான் வந்தேன். அக்கா தன் பெல்ட்டுக்குப் போட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அதை நீங்கள் ஏற்கக் கூடாது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் அக்கா பெயரும் அத்தான் பெயரும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே என் பெயரும் வர வேண்டும். கண்டுபிடிப்பில் உன் பங்கு என்ன என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தட்டச்சு செய்பவர் தயார் என்றால் ஆரம்பிக்கிறேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் உயரத்தில் தொங்கிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு சமதரையில் விழுந்தார். கை உடைந்தது. எலும்பெல்லாம் காய்ந்த ரொட்டி மாதிரி இருக்கிறது, இடுப்பு உடைந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்றார் டாக்டர். அக்கா மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அதைக் கேட்டு அழுவதற்குப் பதிலாக வரைபடம் போட்டாள்.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட். உள்ளே அசைவை அளக்கும் சென்சார், ஒரு குட்டிக் கணினி, மடித்துவைத்த காற்றுப் பை. கட்டியவர் விழத் தொடங்கிய கணத்தில் பை படாரென்று விரிந்து இடுப்பைத் தாங்கிக்கொள்ளும். அத்தான் தொலைத்தொடர்பு இன்ஜினியர். செல்போன் கோபுரங்களிலேயே குடியிருப்பதால் எங்கள் வீட்டில் அவர் பெயர் டவர். சுற்றுவட்டத்தில் யார் யாருடைய போன் இருக்கிறது என்று பெல்ட் எப்போதும் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்க ஏற்பாடு செய்தது அவர்தான். யாராவது விழுந்தால், மிக அருகில் இருப்பவரின் போன் அலறும். தூரத்தில் இருக்கும் மகனைவிட வாசலில் நிற்கும் பால்காரர் மேல் என்பது டவரின் கொள்கை. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

எது விழுவது, எது வெறுமனே தொப்பென்று உட்காருவது என்று பெல்ட்டுக்கு யாரும் விதி எழுதித் தரவில்லை. விழுந்தவர்களின் பதிவுகளை ஊட்ட ஊட்ட அதுவே கற்றுக்கொள்ளும். ஆகவே யாராவது விழ வேண்டும். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. கூடத்தில் மெத்தையைப் போட்டு முன்னால் விழுந்தேன், பின்னால் விழுந்தேன், ஒரு மாறுதலுக்காகப் பேப்பர் படித்துக்கொண்டே விழுந்தேன்.

“நீ விழலடா, படுக்குற,” என்றாள் அக்கா, கணினித் திரையைப் பார்த்தபடி.

“தொப்புனு சத்தம் கேட்டுச்சே.”

“சத்தம் கேட்டுச்சு. ஆனா கீழ போறதுக்கு முன்னாடியே உன் உடம்பு தளந்து போயிடுது. இத வச்சுக் கத்துக்கிட்டா, அப்பா விழும்போது இது தேமேன்னு பாத்துட்டு இருக்கும்.”

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. விழுவதை அறியும் பெல்ட்டுகள் உலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன, இதில் என்ன புதுமை என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வக்கீல் ‘மேற்படி’ சேர்க்காமல் தன் வீட்டு நாயைக்கூடக் கூப்பிடாதவர். அதனால் அவருக்கு மேற்படியார் என்று பெயர். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வழி சொன்னார்.

“மேற்படி பெல்ட் நெஜமா விழறது எது, நடிக்கிறது எதுன்னு பிரிச்சுக் காட்டணும்மா. அதான் புதுசு. அதுக்கு நெஜமா விழுந்த ஆளுங்களோட பதிவு வேணும்.”

“நெஜமா விழற ஆளுக்கு நான் எங்க சார் போவேன்? சொல்லிட்டா விழுவாங்க?”

அக்காவின் குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போதே வாசற்படியில் கிடந்த கால்மிதியடியைக் கவனித்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் யானை இல்லை. அத்தை இருந்தாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சாதாரண நடையைப் பதிவு செய்ய அக்கா அவளுக்கும் ஒரு பெல்ட் கட்டியிருந்தாள். அத்தை அதை ஒட்டியாணம் மாதிரி நினைத்துக்கொண்டு நடமாடினாள். மறுநாள் காலை அவள் மிதியடியின் ஒரு முனையில் கால் வைத்தபோது, மறுமுனையில் எனக்குக் கொஞ்சம் வேலை இருந்தது. ஐயா, நான் பார்த்த பதிவுகளிலேயே அழகானது அதுதான். நடிப்பே இல்லை. கணுக்கால் வீங்கியது உண்மை. ஆனால் அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வருவதற்குள் நான் அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டேன்.

“ஆபத்துக்கு ஓடி வந்தது இவன்தான்டி. உன் புருஷன் எங்க?” என்று அத்தை அக்காவிடம் கேட்டாள்.

“டவர் மேல இருக்காரு அத்தை.”

“அங்கயே இருக்கச் சொல்லு.”

திரையில் அந்தப் பதிவைப் பார்த்தபோது அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தைக்காக வருத்தப்பட்டுக்கொண்டே சிரித்தாள். அந்த முகத்துக்காக நான் தெரு முழுவதையும் சறுக்கவிடத் தயாராக இருந்தேன். ஏறத்தாழ அதைத்தான் செய்தேன்.

பெரியவர்கள் தாங்களாகவே பெல்ட் கேட்டு வந்தார்கள். அத்தை விழுந்த கதை அப்படிப் பரவியிருந்தது. முதலில் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர். கொழுத்த மீசை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிற ரகம். அவர் விஷயத்தில் அது சத்தியமான வார்த்தை, ஏனென்றால் படிக்கட்டை நான் முன்னதாகவே பெருக்கிவைத்திருந்தேன். பெருக்கிய பிறகு துடைத்தேன், குளியலறையைத் துடைப்பது போலவே, தலைக்குத் தடவும் எண்ணெயால். அவருக்கு இரண்டு பற்கள் போயின. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரின் மனைவிக்கு மணிக்கட்டு. அவளைத் தூக்கக் குனிந்த ஆசிரியரும் அதே எண்ணெயில் போனார், அவருக்குத் தோள்பட்டை. ஒரே செலவில் இரண்டு பதிவு. கல்லூரியில் சிக்கனமான வடிவமைப்பு என்று ஒரு பாடம் உண்டு, அதில் மட்டும் நான் முதல் மாணவன்.

ஒரு ஒழுக்கத்தை மட்டும் நான் மீறியதில்லை. யாரையும் விழவைத்துவிட்டு ஓடியதில்லை. எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிற்பேன். அவர்கள் விழுந்ததும் என் போன்தான் முதலில் அலறும், நானே எடுப்பேன், நானே தூக்குவேன். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் போன் என் அறையில் சார்ஜரில் கிடக்கும். ‘தங்கமான பையன்’ என்ற பெயர் எனக்குத் தெருவில் வந்தது அப்படித்தான். பெயருக்காக நான் எதையும் செய்யவில்லை.

பதிவுகள் சேரச் சேர பெல்ட் தேறியது. பை திறக்க ஆரம்பித்தது. எலும்புகள் தப்பின. பிறகு இன்னும் தேறி, ஆள் தரையில் மோதுவதற்கு வெகு முன்பே திறந்தது. ஒருநாள் வீட்டுக்காரருக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்தேன். நான் இன்னும் காலைக்கூட நீட்டவில்லை. படாரென்று அவர் இடுப்பைச் சுற்றிப் பை விரிந்தது. அவர் படிக்கட்டுச் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே தக்கை மாதிரி மாட்டிக்கொண்டு நின்றார். தொழில்முறையில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

அக்காவோ கூடத்தில் ஆடினாள். “விழப்போறது அதுக்கு முன்னாடியே தெரியுதுடா. உலகத்துல எவன்கிட்டயும் இது இல்ல.” அத்தானைப் பிடித்துச் சுற்றினாள், இன்னும் வீக்கம் வடியாத கணுக்காலோடு அத்தையும் சுற்றினாள், நானும் சுற்றினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மேற்படியார் நேரில் பார்க்க வந்து, பெல்ட்டைத் தானே கட்டிக்கொண்டார். பை இடுப்பைத்தான் காக்கும் என்ற உண்மையை அன்று அவருடைய கழுத்து தெரிந்துகொண்டது. அதோ, உங்கள் வலப்பக்கத்தில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்க முடியாததால் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவை மட்டும் நான் தொடவில்லை. காய்ந்த ரொட்டி என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. அவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நாளடைவில் பழைய மனிதராகிவிட்டார்.

“லிஃப்ட்ல கயிறு அறுந்தா தானா கவ்விப் பிடிக்கிற பிரேக் ஒண்ணு உண்டும்மா,” என்று அக்காவிடம் சொன்னார். “அத நம்பித்தான் காலம்பூரா தொங்கினேன். இனிமே உன்ன நம்பி நடக்குறேன்.”

நடந்ததோடு நிறுத்தவில்லை. நான் கல்லூரியில் செய்முறைத் தேர்வில் இருந்த ஒரு நாள், பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினார். பெல்ட் இல்லாமல் அவர் நாற்காலியில் ஏறியிருக்கக்கூட மாட்டார். ஸ்டூல் ஆடியது. விழுந்தார். யாரும் எண்ணெய் போடவில்லை, யாரும் எதையும் இழுக்கவில்லை, சுத்தமாக, தானாக விழுந்தார். பை திறக்கவில்லை. ஒரு போனும் அலறவில்லை. இடுப்பு உடைந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது அக்கா வார்டு வாசலில் நின்று பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அப்பா. கட்டிலுக்கு எதிர் பெஞ்சில் அவரைப் பார்க்க வந்த அத்தை, வீட்டுக்காரர், ஆசிரியர், ஆசிரியரின் மனைவி. எல்லோர் இடுப்பிலும் பெல்ட். நான் மூச்சு வாங்கியபடி பெஞ்சை நெருங்கினேன்.

படார். படார். படார். படார்.

நான்கு பேரும் பெஞ்சிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு திணறினார்கள். வீட்டுக்காரரின் மீசை ஆசிரியரின் காதுக்குள் போய்விட்டது. நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாகூட வலியோடு சிரித்தார்.

“ஏண்டி, இவன் வந்தா மட்டும் ஏன் இது வீங்குது?” என்றாள் அத்தை, பைக்கு மேலே முகவாயை நீட்டி.

அக்கா சிரிக்கவில்லை. பைகளை மடித்து, புதுக் காற்றுக் குப்பிகளை மாட்டினாள். “உன் போனக் குடு,” என்றாள். போனில்லாமல் என்னைப் பெஞ்சுப் பக்கம் நடக்கவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு என் போனை நர்ஸிடம் கொடுத்து நடக்கவிட்டாள். நான்கு பேரும் மறுபடி உயர்ந்தார்கள்.

அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்த டவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கும் புரிந்திருக்கும். பெல்ட் படித்த ஒவ்வொரு நிஜமான விழுதலிலும் ஒரே ஒரு விஷயம் மாறாமல் இருந்தது. கால் சறுக்குவது, உடல் சாய்வது எல்லாம் ஆளுக்கு ஆள் மாறின. என் போன் நெருங்கி வருவது மட்டும் மாறவில்லை. அது விழுவதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. என்னைக் கற்றுக்கொண்டது.

“எத்தன பேருடா?” என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“எல்லாரும்தான்க்கா,” என்றேன். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அப்பாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். விஷயம் புரியாத அப்பாதான் எனக்காகப் பேசினார்.

“அவன ஏம்மா அப்படிப் பாக்குற? நான் விழுந்தப்போ அவன் வீட்லயே இல்லியே.”

அப்பாவின் அந்த வாக்கியத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். என் வழக்கே அதில்தான் நிற்கிறது.

அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை. பெல்ட் தோல்வி, பதிவுகள் எல்லாம் மோசடி என்று உங்களுக்கு எழுதிவிட்டாள். அத்தை நான் இருக்கும் அறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பார் என்று யாரும் சொல்லவுமில்லை. இதெல்லாம் உணர்ச்சி. நாம் தர்க்கத்தைப் பார்ப்போம். பெல்ட் தேறிய பிறகு நான் இருந்த இடத்தில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. நான் இல்லாத ஒரே நாளில் தவறியது. அப்படியானால் அன்று இல்லாமல் போன பாகம் எது? ஒரு கருவி எந்தப் பாகம் இல்லாமல் இயங்காதோ, அந்தப் பாகத்தைத் தந்தவன் கண்டுபிடிப்பாளன் இல்லையா?

ஆகவே திருத்தப்பட்ட உரிமைக்கோரலை நானே எழுதிவந்திருக்கிறேன். ‘இடுப்பில் அணியும் ஒரு பெல்ட்டும், மேற்படி பெல்ட்டை அணிந்தவரின் பின்னால் வந்து நிற்கும் ஒரு தம்பியும் அடங்கிய பாதுகாப்பு ஏற்பாடு.’ வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் நான் போய்வரத் தயார். படிப்பு முடிகிற வரை மாலை வேளைகளில் மட்டும்.

தட்டச்சு செய்பவர் ஏன் நிறுத்திவிட்டார் என்று தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு வரிதான், அதையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது ஐயா. அந்த ஸ்டூலிலிருந்து நானே தள்ளிவிட்டிருப்பேன், பை அழகாகத் திறந்திருக்கும்.