தன் எண்ணெயைத் தானே குடித்த வண்டி

ஐயா, தாங்கள் வந்து அமர்ந்ததும் முதல் பேச்சாக இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். தங்கள் ஓட்டுநர் காவல் நிலைய வாசலில் வண்டியை நிறுத்திய உடனேயே அணைத்துவிட்டார். சன்னல் வழியாகக் கேட்டது. டர்போ உள்ள டீசல் வண்டி அது. விரைந்து வந்த வண்டியை நின்ற இடத்தில் சற்று ஓடவிட்டு, அதன்பின் அணைப்பது நல்லது. தாங்கள் கேட்கவிருக்கும் கேள்விக்கான பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்போவுக்குள் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும். வீணாகப் போகும் புகையிலிருந்து பலம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இதைவிடக் கண்ணியமான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. அந்தத் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மயிரிழை கனத்தில் ஓடும் எண்ணெய் மட்டுமே. என்ஜினைச் சட்டென்று அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகி, வரும் வழியை அடைக்கும். பிறகு தண்டு ஆடும். எண்ணெயைத் தடுக்கும் வளையம் தேயும். காலத்தில் நல்ல எண்ணெய் மாற்றி, குளிர்ந்த வண்டியை எடுத்த எடுப்பில் முறுக்காமல், சூடான வண்டியைச் சட்டென்று அணைக்காமல் இருந்தால் டர்போ நெடுங்காலம் உழைக்கும். அது கேட்பது அவ்வளவுதான்.

நான் டர்போ பழுதுபார்ப்பவன். என் தங்கையின் கணவர் வாடகை வண்டி ஓட்டியவர். வண்டி நின்ற கணமே சாவியைத் திருகி உருவி, அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இறங்குவார். நான் பலமுறை பணிவாகவே சொல்லியிருக்கிறேன்.

“மாப்ள, கொஞ்சம் ஓடவிட்டு அணைங்க. சூடு ஆறட்டும்.”

“வண்டிக்கு மூச்சு வாங்குதா மச்சான்? விசிறி எடுத்துட்டு வந்து வீசுங்களேன்.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ‘ஊதுகுழல்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

இரண்டு டர்போக்களை அவர் இப்படித் தீர்த்தார். இரண்டு முறையும் வண்டி நிறுத்தத்தில் நின்று, “எங்க ஊதுகுழல் மச்சான் போட்டதுங்க. சொந்தக்காரன்னு பழசத் தலையில கட்டிட்டாரு” என்று மற்ற ஓட்டுநர்களிடம் சொன்னார். வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். வந்த ஒருவரும், “தப்பா நெனைக்காதீங்கண்ணே, புதுசுதானே போடுவீங்க?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் முறையும் அவர் என்னிடமே வண்டியைக் கொண்டுவந்தார். தங்கை கேட்டுக்கொண்டாள் என்பதால் ஏற்றுக்கொண்டேன். புதிய வளையமும் தண்டைப் பிடிக்கும் பேரிங்கும் வாங்கினேன். அவற்றைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். டர்போவின் வெளிப்புறத்தை மட்டும் பளபளவென்று துடைத்து, தேய்ந்த உதிரிகளுடனேயே மீண்டும் பூட்டினேன்.

வண்டி நடுவழியில் நின்று அவர் தலைகுனிய வேண்டும் என்பதே என் எண்ணம் என்று நேற்று தங்களிடம் கூறினேன். அதைத் திருத்திக்கொள்ள அனுமதிக்க வேண்டும். வளையம் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு கலந்து என்ஜினுக்குள் போகும். டீசல் என்ஜின் அதையே எரிபொருளாகக் குடித்து, யாரும் மிதிக்காமலே வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. என் பட்டறையிலேயே ஒரு வேன் அப்படிக் கிளம்பியபோது, காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்து நிறுத்தியவன் நான். அன்று முதல் எல்லா ஓட்டுநர்களுக்கும் சொல்வேன்: உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விடுங்கள், என்ஜின் திணறி நின்றுவிடும், சாவியை மட்டும் உருவாதீர்கள், ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் அவசியம் சொல்லியிருப்பேன்.

வண்டியை எடுக்க வந்தபோது தங்கையும் உடன் வந்தாள். அப்படியே மலைமேல் இருக்கும் நாத்தனாரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

“அண்ணா, என்னமோ விசில் மாதிரி கேக்குதே?”

“டர்போன்னா விசிலடிக்கத்தாம்மா செய்யும்.”

“கேட்டியா? உங்கண்ணன் கை பட்டா வண்டியும் ஊதும்” என்றார் அவர்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவளுடைய சீட் பெல்ட்டை நானே இழுத்து மாட்டி, சரியாகப் பிடித்திருக்கிறதா என்றும் பார்த்தேன். அப்படியானால் எல்லாம் தெரிந்துதானே அனுப்பினாய் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இறங்கிக்கொள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் காரணம் கேட்பாள். அவர் எதிரில், அவர் சொன்ன பழி உண்மை என்றாகிவிடும்.

மலைப்பாதையில் என்ஜின் அலறியதையும், பின்னால் புகை மூடியதையும் சாலை போடுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். வளைவு வந்தது, வண்டி வளையவில்லை. பள்ளத்திலிருந்து அவர் உடலை எடுத்தபோது சாவி விரலில் மாட்டியிருந்ததாகத் தாங்கள்தான் கூறினீர்கள். நான் எதிர்பார்த்தபடியே செய்திருக்கிறார்.

தங்கை பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“நீ பாத்து அனுப்புன வண்டிதானே அண்ணா? உனக்கு ஒண்ணும் தெரியலையா?”

“தெரியலம்மா.”

“சரி விடு. உன்ன நீயே திட்டிக்காத. நீ இருக்கங்கிற தைரியத்துலதான் நான் இருக்கேன்.”

ஐயா, தேய்ந்த உதிரிகளை வேண்டுமென்றே பூட்டினேன். அவர் உயிர் போகும் என்று அறிந்தே அனுப்பினேன். இவற்றை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். இவற்றால் எனக்குத் தூக்கம் கெடவில்லை. என்னை உறுத்துவது மருத்துவமனையில் சொன்ன அந்த ஒரு பதில்தான். என் தங்கைக்கு நான் செய்த ஒரே துரோகம் அது.