மூன்றெழுத்தின் குடும்பம்

நாற்பத்தெட்டு வயதில் செல்போனை வைத்து அரபி கற்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மூன்றாம் பாடத்திலேயே நின்றுபோனவன் நான். அதனால்தான் மயிலாப்பூரில் ஏறிய பஸ்ஸில், முன்சீட்டில் ஓர் அரபிச் சொல் விழுந்ததும் வெட்கமில்லாமல் காதைக் கொடுத்தேன். அக்காவும் தம்பியும். தம்பி அரபி வாத்தியார். அக்கா, ஆஸ்பத்திரியில் கிடக்கும் தகப்பனாரைப் பார்க்கப் போகிறவர்.

“பள்ளிவாசல் ஹஜ்ரத்து வந்து பாத்துட்டு, அத்தா முஹ்தளர்னுட்டாரு. அப்டின்னா இன்னாடா?”

“மவுத்து, அதான் சாவு, முன்னால வந்து நிக்கிற ஆளுன்னு அர்த்தம்க்கா. அந்தச் சொல்லோட வேரு மூணெழுத்து. வந்து நிக்கிறதுன்னு பொருள். கோர்ட்டுல சொல்ற ஆஜர், ஹஜ்ரத்து, எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான்.”

“மவுத்தே வந்து நின்னுட்ச்சு. நீ ஏன்டா வரமாட்டேங்குற?”

“என்னிய வூட்ட வுட்டுத் தொரத்துனாரேக்கா.”

“ஊரான் தலமாட்டுலெல்லாம் ஒக்காந்து ஓதுற. பெத்தவருக்கு ஓத வாய் வலிக்குதா?”

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அக்கா மட்டும் இறங்கினார். தம்பி ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, முஹ்தளர், ஆஜர், ஹஜ்ரத்து என்று அந்த மூன்றெழுத்தின் குடும்பத்தையே ஒப்பித்தேன்.

“எறங்காத ஆள்கிட்ட கத்துக்கிட்டதா? வேற வாத்தியாரப் பாருங்க” என்றாள்.