கதவு இருந்த பக்கம்

கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பது எல்லா வீட்டிலும் வருகிற சின்னச் சண்டைதான். எங்கள் வீட்டில் அதுகூட நடக்கவில்லை. அறைக்கதவு என் மனைவிக்கு இடப்பக்கம் இருக்கும்படி கட்டிலைப் போடச் சொன்னார்கள் மருத்துவமனையில். அப்படியே போட்டேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னதை நான் கேட்கவே இல்லை என்று யாரும் பேசக் கூடாது.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். வீட்டின் முன்பகுதிதான் கடை. என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி இருபது வருடம் ஊரைச் சுற்றியவள். மாணவர்கள் அவளைப் பிரேக் மேடம் என்பார்கள். எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கும்.

மூளையின் வலப்பாதியில் அடைப்பு. இடது கை கொஞ்சம் மந்தமானது, நடையில் லேசான தள்ளாட்டம், அவ்வளவுதான். கண்ணில் ஒரு குறையும் இல்லை. போனது கவனம். இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே, பழகிய வீட்டில்கூட, அவளுக்கு மறந்துவிட்டது. தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "என்னங்க, இன்னிக்கு இவ்ளோதானா? கடையில வியாபாரம் இல்லையா?" என்பாள். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். மீதிச் சாப்பாடு வலப்பக்கம் வரும். "அடேயப்பா, வித்தை எல்லாம் காட்டுறீங்க" என்று சிரிப்பாள்.

தட்டைத் திருப்பக் கூடாது என்பதுதான் பயிற்சிப் பெண் சொன்ன முதல் விஷயம். மருத்துவமனையிலிருந்து பயிற்சி கொடுக்க மாதம் இருமுறை வருகிற பெண். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள். "சார், அவங்களே தேடிக் கண்டுபிடிக்கணும். நீங்க கதவுப் பக்கம் நின்னு கூப்பிடுங்க. திரும்பலைன்னா மறுபடி கூப்பிடுங்க. எரிச்சல்ல திட்டினாலும் விடாதீங்க. முதல் ஆறு மாசம்தான் சார் மூளை நல்லா வளைஞ்சு குடுக்கும். அதுக்கப்புறம் நான் தலைகீழா நின்னாலும் இந்த வேகம் வராது."

ஆறு மாதம் முடியும் தேதியைக் கடை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்தேன்.

நான் இடப்பக்கம் நின்று அவளைக் கூப்பிட்டதே இல்லை. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பது அவளைத் தொல்லைப்படுத்துவதாக எனக்குப் பட்டது. செருப்பில்லாமல் உள்ளே வருவேன், கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்க நாற்காலியில் உட்காருவேன். அவளைப் பொறுத்தவரை நான் வருவதும் இல்லை, போவதும் இல்லை. எப்போதும் இருந்தேன். எத்தனை கணவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

கைபேசி, தண்ணீர்ச் செம்பு, ஆளைக் கூப்பிடும் மணி மூன்றும் இடப்பக்க மேசையில் இருந்தன. இதுவும் மருத்துவமனை சொன்னதுதான். தேடிப் பழகட்டும் என்றார்கள். அவள் தேடவில்லை. தண்ணீரை நான் கொடுத்தேன்.

அவள் படிக்க ஆசைப்பட்டாள். சாலை விதிப் புத்தகத்தைத் திரும்பப் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்றாள். நானே ஒரு கண்ணாடிச் சட்டம் செய்து கொடுத்தேன். அதற்குள் பக்கத்தைச் செருகலாம். பயிற்சிப் பெண் பூரித்துப்போய், கண்ணாடியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினாள். "அக்கா, சிவப்பு தெரியுற வரைக்கும் தலையத் திருப்புங்க. அதுதான் ஆரம்பம். சிவப்பைப் பாக்காம படிக்கவே கூடாது, சரியா?"

"சிக்னல்ல நிக்கிற மாதிரி" என்றாள் என் மனைவி. இரண்டே வாரத்தில் பழகிவிட்டாள். கழுத்தை இழுத்து, இழுத்து, சிவப்பைக் கண்டதும் நின்று, முதல் எழுத்திலிருந்து படித்தாள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை டேப்பை உரித்து, கால் அங்குலம் வலப்பக்கம் தள்ளி ஒட்டினேன். பத்து நாள் கழித்து இன்னொரு கால் அங்குலம். படத்தின் ஓரத்தில் கால் அங்குலம் குறைந்தால் யாருக்கும் தெரியாது, இது என் தொழிலில் கற்றது. அவள் தலை அதற்கு ஏற்றபடி குறைவாகத் திரும்பியது. சிவப்பு எங்கே இருந்ததோ அங்கே அவள் உலகம் ஆரம்பித்தது.

"இந்தப் புத்தகத்துல எல்லா வரியும் நடுவுலேர்ந்து ஆரம்பிக்குதுங்க. எழுதினவருக்கும் பக்கவாதமா?" என்றாள் ஒருநாள். இருவரும் சிரித்தோம். அதன்பிறகு அவள் புத்தகத்தைக் கேட்கவில்லை.

பயிற்சிப் பெண் வரும் நாள்களில் டேப்பைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடுவேன். அப்போது என் மனைவியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. "போன மாசம் நல்லா பண்ணீங்களேக்கா" என்று அந்தப் பெண் குழம்புவாள். அறைக்கதவின் மேல் சுவரின் நிறத்திலேயே நான் மாட்டியிருந்த திரையையும் அன்று ஒதுக்கி வைப்பேன். காற்று வருகிறது என்பதற்காகப் போட்ட திரை. கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை. வேண்டுமானால் பூட்டைச் சோதித்துப் பாருங்கள், துருப்பிடித்திருக்கும்.

நான்காம் மாதம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வர ஆரம்பித்தாள். வலது கையால் தடவிக்கொண்டே போவாள். சன்னல், குளியலறை, அலமாரி, திரை, மறுபடி கட்டில். ஒரு நாளைக்கு இருபது முறை.

"ஏங்க, இந்த ரூமுக்குக் கதவே கெடையாதா?"

"இருக்கு."

"எங்க? என்னை எப்படி உள்ள கொண்டுவந்தீங்க, கூரையப் பிரிச்சா?"

"உடம்பு சரியாகட்டும், காட்டுறேன்."

"பயமா இருக்குங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு" என்றாள். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

ஐந்தாம் மாதம் பயிற்சிப் பெண் கண்ணாடிச் சட்டத்தைத் துடைப்பதற்காக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பழைய டேப்புகளின் பசைத்தடம் வரிசையாக ஒன்பது கோடுகளாகத் தெரிந்தது. கோடுகளை விரலால் எண்ணினாள். என்னைப் பார்த்தாள். அன்று அவள் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்த் தொலைபேசியில் பேசினாள். அதன்பிறகுதான் நீங்கள் வந்து என் மனைவியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்தீர்கள். பசையைத் துடைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும். எனக்குத் தோன்றவில்லை. நான் எதையும் மறைக்கிறவன் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அவளுடைய பயணப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அங்கே ஓர் அறையும் பார்த்துவைத்திருந்தாள். "சண்டை எல்லாம் இல்லீங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னாள். நோய் வந்த அன்று காலைதான் கிளம்புவதாக இருந்தது. பெட்டியைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். நோய் வந்ததில் அந்தக் கடைசிப் பதினைந்து நாள் அவள் நினைவிலிருந்து போய்விட்டது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. நோயாளியைக் குழப்பக் கூடாது.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தட்டினார். "என்னண்ணே, என்ன விழுந்துச்சு?" என்றார். பெட்டி என்றேன். அது ஏழு பத்து. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது எட்டு மணிக்கு. இடையில் என்ன செய்தேன் என்பதுதானே உங்கள் கேள்வி. பெட்டியில் இருந்த துணிகளை மடிப்புக் கலையாமல் எடுத்து அலமாரியில் அடுக்கினேன். எது எந்தத் தட்டில் இருந்தது என்று யோசித்து யோசித்து வைக்க வேண்டியிருந்தது. அவள் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் பெட்டியைப் பார்த்துக் குடும்பத்தைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாதில்லையா? ஐம்பது நிமிடத்தில் மூளையில் எவ்வளவு போகும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் நிதானமாக அடுக்கினேன்.

நேற்று மருத்துவமனையில் அவள் தானாகவே தலையை இடப்பக்கம் திருப்பி, கதவைக் கண்டு, யாருடைய துணையும் இல்லாமல் வெளித் தாழ்வாரம் வரை நடந்துவிட்டாள் என்றீர்கள். எங்கே போகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, "நேரமாச்சு, போகணும்" என்றாளாம். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அவளைத் தனியாக விடாதீர்கள், பாவம், தேடித் தேடிக் களைத்துப்போவாள். நான் இங்கே இருக்கிறேன் என்று யாராவது அவளிடம் சொல்லுங்கள்.