மன்னார் வீதியில் இறக்கப்பட்டவர்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

அப்பாவின் குரல். வேன் இன்னும் முழுதாக நிற்கவில்லை. கதவு திறந்துவிட்டது. நான் விழுகிறேன். முழங்கை தாரில் தேய்கிறது. தலைக்கு மேலே நீளமாக ஒரு விசில். விசில் நிற்கிறது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு நிலம் எழும்பி விழுகிறது.

தொண்ணூறாம் வருடம். ஜூன். புதன்கிழமை. மாலை நான்கரை மணி. வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதி. வலது பக்கம் வயல். இடது பக்கம் காடு. வீதிக்கு அடியில் ஒரு மதகு.

மதகுக்குள் ஊர்கிறோம். அப்பா. அம்மா. என் கணவர் யோகன். நான். முழங்கால் அளவு தண்ணீர், பாசி நாற்றம். அடுத்த விசில். அம்மா என் தலையைப் பிடித்துத் தன் மடிக்குள் அமுக்குகிறாள். எனக்கு இருபத்தொன்பது வயது. மடி போதவில்லை. ஆனாலும் அமுக்குகிறாள்.

வேன் ஓட்டிவந்த மரியதாஸ் கடைசியாக வந்தார். சாவியை எடுக்கத் திரும்பியிருந்தார். வேன் அவருடைய சொந்த வேன். தொடையில் பட்டிருந்தது. யோகன் அவரை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் காயத்தை இறுக்கிக் கட்டினோம். தண்ணீர் நிறம் மாறியது.

"சாவி இருக்கு," என்றார் மரியதாஸ். கையைத் திறந்து காட்டினார்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் ஊர் பார்க்க வந்தவர்கள். அவ்வளவுதான்.

இரண்டு பேரும் மலையில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எண்பத்திரண்டில் இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி அவர்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் அவர்கள் இந்தியர்கள். நான் அதற்கு முந்தின வருடமே கல்யாணமாகி வவுனியாப் பக்கம் வந்துவிட்டேன். காகிதத்தில் நான் இலங்கைக்காரி. தலைமன்னார் துறையில் கப்பல் ஏறினார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் திருப்பூர். அருள்புரம். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் பாய்லர் வேலை. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்துவந்த பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் பார்க்கிற வேலை. எட்டு வருடம். அந்த வருடம் கொஞ்ச நாள் சண்டை நின்றிருந்தது. வீதிகள் திறந்திருந்தன. எட்டு வருடச் சேமிப்பை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள்.

அப்பாவுக்கு ஒரு திட்டம் இருந்தது. கொழும்பிலிருந்து மலை. மலையிலிருந்து எங்கள் வீடு. பிறகு கடைசியாகத் தலைமன்னார். போன வழியிலேயே ஒருமுறை திரும்ப வரவேண்டும் என்றார். அம்மாவின் திட்டம் வேறு. எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவது.

"அங்க வேலை கொட்டிக் கெடக்குது கண்ணு. மாப்பிள்ளை சும்மா நின்னாலே கையப் புடிச்சு மெஷின்ல உக்கார வெச்சுருவாங்க."

கண்ணு! என் அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. பேச்சு மாறிப்போயிருந்தது. மலைக்கு நாங்களும் கூடப் போனோம். அங்கே, தான் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் நின்று உள்ளே இருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, ஊட்டுல யாருங்க இருக்கறீங்க?" அந்தப் பெண் வெளியே வந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எந்த ஊர்க்காரவங்க?"

"இந்த ஊடுதானுங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். யோகன் வேனில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். "அத்தை சொந்த ஊருக்கே வெளிநாட்டுக்காரியா வந்திருக்காங்க."

எங்கள் வீட்டில் அம்மா பையைத் திறந்தாள். கம்பெனியில் வாங்கிய பனியன்கள். ஜெர்மனிக்குப் போக வேண்டியவை. ஒரே நிறம். இருட்டுப் பச்சை. ஒரு டஜன்.

"ஷேடு மாறிப்போச்சுன்னு வாங்கற பையரு வேண்டாம்னுட்டான் மாப்பிள்ளை. துணி ஒண்ணாம் நம்பர் துணி. தையல் பாருங்க, ஒரு நூலு விட்டிருக்கா?"

யோகன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதை நம்ம மாட்டுக்குப் போட்டால் வயல்ல தேடிப் பிடிக்க ஏலாது அத்தை."

அரைப் பை பனியன் ஊரில் கொடுத்து முடிந்தது. மிச்சம் பைக்குள்ளேயே இருந்தது. தலைமன்னாரில் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் கொடுக்கலாம் என்றாள் அம்மா. அம்மாவுக்கு அது துணி. எடை, நூல், தையல், ஷேடு. இந்த நாட்டில் ஒரு நிறத்துக்கு வேறு அர்த்தமும் இருக்கும், இருட்டுப் பச்சை இயக்கத்துப் பையன்கள் போடுகிற நிறம் என்று அவளுக்கு யார் சொல்வது? இத்தனை வருடமும் சண்டைக்குள்ளேயே இருந்த எனக்கும் அன்று தோன்றவில்லை. யோகனுக்கும் தோன்றவில்லை. மாட்டைப் பற்றித்தான் தோன்றியது.

யோகன் கடைசியில் சம்மதித்திருந்தார். வயல் அறுத்ததும் வருகிறோம் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மா அன்று இரண்டு முறை சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை சண்டை மறுபடி தொடங்கியது. ரேடியோ முதலில் சொன்னது. பிறகு காது. புதன்கிழமை காலை ஊரே கிளம்பியது. கடல் பக்கம் போனால் படகு இருக்கும் என்றார்கள். அப்பா ஆசைப்பட்ட அதே வீதி.

மதகுக்குள் இரவு போனது. விடியும்போது மரியதாஸ் குளிர்ந்திருந்தார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் யோகன் சாவியை எடுத்தார். அவரை வேனில் ஏற்றி யோகனே ஓட்டினார். வழியில் ஒரு மாதா கோயில். பாதிரியார் கேள்வி கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டார். கிழக்கு மூலையில் குழி வெட்டினார்கள். யோகனும் வெட்டினார்.

அவருடைய சட்டை முழுக்க ரத்தம். மரியதாஸின் ரத்தம். காய்ந்து பலகைபோல விறைத்திருந்தது.

அம்மாதான் சொன்னாள். "இந்தக் கறையோட போனா சந்தேகப்படுவாங்க மாப்பிள்ளை. மாத்திக்குங்க."

பையைத் திறந்தாள்.

அது அன்பு. அதை அன்பு என்றுதான் எழுதுவேன்.

வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். வீதியின் குறுக்கே முள்கம்பி. மணல் மூட்டை. ராணுவச் சீருடைகள். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, இரண்டு டிராக்டர். இளைஞர்களை இறக்கி ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். ஆறு பேர். கைகள் தலைக்குப் பின்னால்.

யோகனை இறங்கச் சொன்னார்கள். இறங்கினார். சிங்களம், எனக்குப் பாதி புரிகிற மொழி. ஒருவன் அவருடைய தோள்பட்டையைப் பார்த்தான். துப்பாக்கிக் கட்டை உரசிய தடம் இருக்கிறதா என்று. இருந்தது மண்வெட்டித் தடம். உள்ளங்கையைப் பார்த்தான். பனியனின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். ஏதோ கேட்டான். யோகன் பதில் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா? இன்றுவரை தெரியாது. விட்டுவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. அவன் கால் வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றது.

அப்போது அம்மா வேனிலிருந்து குதித்தாள்.

"சாமி! சாமி! அது எங்க கம்பெனி பனியனுங்க சாமி! ரிஜெக்ட் பீஸுங்க! நானேதானுங்க கொண்டாந்தேன்!"

அவனுக்குத் தமிழ் தெரியாது. அந்த நிமிடம் அம்மாவுக்கு அது உறைக்கவில்லை. அவனுக்குப் புரியவைக்க அவளிடம் ஒரே ஒரு வழி இருந்தது. எட்டு வருடம் மேஜை முன் நின்று பழகிய வழி. சந்தேகம் வந்தால் லாட்டை, ஒன்றாக வந்த மொத்தக் கட்டை, பிரித்துக் காட்ட வேண்டும். அவ்வளவையும் காட்ட வேண்டும். ஓடிப்போய்ப் பையை எடுத்துவந்தாள். வீதியில் கவிழ்த்தாள்.

ஐந்து பனியன். ஒரே நிறம். ஒரே அளவு. மடிப்புக் கலையாதவை.

"பாருங்க சாமி! எல்லாம் ஒரே லாட்டுங்க!"

அந்தச் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. துணி தாரில் விழுகிற சத்தம். மெத்தென்று. அதற்குப் பிறகு நான்கு துப்பாக்கிகளின் போல்ட் ஒன்றாக இழுக்கப்பட்ட சத்தம்.

யோகன் ஓரத்தில் ஏழாவது ஆளாக உட்கார வைக்கப்பட்டார். அப்பா கும்பிட்டார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வயதான சீருடைக்காரர் ஒருவர் வந்தார். அரைகுறைத் தமிழ்.

"போ! வண்டி எடு! திரும்பிப் பார்க்க வேணாம்! போ!"

வண்டி எடுக்க எங்களில் யாருக்கும் தெரியாது. டிராக்டர் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்தேன். யோகன் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எங்களையும் பிடிப்பார்கள் என்று நினைத்திருப்பார். அப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடற்கரையில் காத்திருந்தோம். வீதியில் வந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். முள்கம்பி அங்கே இல்லை என்றார் ஒருவர். ஆட்களும் இல்லை. வேன் கரிந்து நிற்கிறது என்றார். மறுபடி விசில் கேட்டது. மறுபடி "படுங்க!" ஒரு மீனவர் எங்களைப் படகில் தள்ளினார். நான் இறங்கப் பார்த்தேன். அப்பா என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கரை மறையும்வரை விடவில்லை. அவர் பார்க்க ஆசைப்பட்ட துறை எந்தப் பக்கம் இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

அருள்புரம். இங்கே லைன் வீடு என்கிறார்கள். மலையில் லயம் என்போம். அதே பத்தடிச் சுவர். என்னை அகதி என்று காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு அப்பா அம்மாவோடு இருக்க விட்டார்கள். நான் கம்பெனிக்குப் போனேன். முதல் வாரம் பக்கத்துப் பட்டறையில் பாய்லர் ஆவியைத் திறந்துவிட்டார்கள். நீளமான விசில். நான் கட்டிங் மேஜைக்கு அடியில் கிடந்தேன்.

"ஏனுங்கக்கா, பல்லி மேல உழுந்துருச்சுங்களா?" பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானும் குனிந்து மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். 

அம்மா அந்தக் கம்பெனிக்கு மறுபடி போகவில்லை. எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். மற்ற ஆறு பேர் பச்சை போடவில்லை அம்மா. ஒருவர் வெள்ளைச் சட்டை. ஒருவருக்குச் சட்டையே இல்லை. அவர்களை ஏன் பிடித்தார்கள்? அவர்களைப் பிடிக்கும்போது உன் பையை யார் பார்த்தது? அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். முடித்ததும் சொல்வாள். "நான் கொட்டாம இருந்திருக்கோணும் கண்ணு."

 

அடுத்த வருடம், மாசி மாதம், சென்சஸ் எடுக்க ஒரு டீச்சர் வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தோம்.

"ஊட்டுல எத்தன பேருங்க?"

"மூணு," என்றார் அப்பா.

"நாலுங்க," என்றாள் அம்மா.

டீச்சர் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "நாலாவது ஆளு எங்கீங்க? வேலைக்குப் போயிருக்காருங்களா?"

"மாப்பிள்ளைங்க. அங்க இருக்காருங்க. சிலோன்ல."

"இங்க குடியிருக்கறவங்களத்தானுங்கம்மா நான் எழுத முடியும்." மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்ப அங்க அவரை யாருங்க எழுதுவாங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார். டீச்சர் மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் எழுதாததை நான் எழுதுகிறேன். ஒன்பது வருடம் கழித்து.

மரியதாஸ். ஓட்டுநர். இறந்தார். மாதா கோயிலின் கிழக்கு மூலை. வேன் ஒன்று. எரிந்தது. வீடு ஒன்று, மண்சுவர். நெல் வயல் இரண்டு ஏக்கர், கதிர் பிடித்திருந்தது. மாடு மூன்று, அவிழ்த்து விட்டுத்தான் வந்தோம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறு பேர், பெயர் தெரியாது. தெரிந்தவர்கள் எழுத வேண்டும். யோகநாதன். வயது முப்பத்து மூன்று. விவசாயி. இறந்தார் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறார் என்று இதுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை.