நாற்பது நிமிடக் கச்சேரி

ஜெனரேட்டர் சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும் சார்? பன்னிரண்டு வருடமாகப் பாகூரில் மைக் செட் வைத்திருக்கிறேன். தேர்த் திருவிழாவில் ஜெனரேட்டரை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்தாலும் யாருக்கும் கேட்காது. என் ஸ்பீக்கர்கள் அதை விழுங்கிவிடும். ஆனால் என் சொந்த இசை அப்படிப்பட்டதல்ல.

அதில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. கரும்புத் தோட்டத்துக் காற்று, ஏரித் தண்ணீர், நல்லவாட்டு மீனவர்களின் படகு எஞ்சின் எல்லாவற்றையும் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் இழுத்து மெதுவாக்கி, கீபோர்டின் நீண்ட சுரங்களோடு சேர்ப்பேன். ஹெட்போனில் கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மேடையில் மட்டும் எடுபடவில்லை. நான்கு முறை வாசித்தேன். மதகடிப்பட்டில் அரை மணி நேரம் வாசித்த பிறகு ஒருவர் வந்து, "செட் டெஸ்டிங் முடிஞ்சுதாபா? கச்சேரி எப்ப?" என்று கேட்டார்.

என் மனைவி வைஜெயந்தி நான்கு முறையும் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போனவள். ஐந்தாவது கச்சேரிக்கு முதல் நாள் சொன்னாள்: "வூட்ல கேட்டா நல்லாத்தான் இருக்குது. மேடையில நீ பொட்டி முன்னால குந்திக்கினு இருக்குற. ஜனம் இன்னாத்தப் பாக்கும்? இந்தத் தடவ ஒருத்தர் பாதியில எழுந்து போனாலும் நானும் போயிடுவேன். எங்கம்மா வூட்டுக்கு."

அவள் சொன்னதைச் செய்பவள். துணிகளை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாள்.

கச்சேரி அன்று மதியம் நல்ல மழை. கரன்ட் இல்லை. பழைய விதைக் கிடங்கில் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டரை மழையில் விட முடியாததால் பக்கத்து அறையில் வைத்தேன். சத்தம் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த அறையின் வெளிக்கதவைச் சாத்தி, இடுக்கில் கோணியைத் திணித்தேன். கிடங்கின் ஷட்டரையும் இறக்கினேன். என் முதுகுப் பக்கம் இருந்த ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்தேன். நடுச்சுவரின் மேல் ஓட்டைகள் வழியாக வந்த முனகல் என் சுரத்தோடு ஒத்துப்போனது.

இருபதாவது நிமிடம் நல்லவாட்டு தேவநாதன் எழுந்து வந்தார். நான் பதிவு செய்தது அவருடைய படகு எஞ்சினைத்தான்.

"தல சுத்துதுபா. பொகை வாட அடிக்குது."

"உங்க படகு சத்தம்தாண்ணே ஓடுது. அதான் வாட வர்ற மாதிரி இருக்குது. போய்க் குந்துங்க."

"பலே ஆளுதாம்பா நீ" என்று சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

சிறிது நேரத்தில் அவர் தலை தொங்கியது. பிறகு பக்கத்தில் இருந்தவர்களின் தலைகள். வைஜெயந்தி கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் பத்து நிமிடத்தைத் தாண்டி உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அன்றுதான்.

தெரியாமல் நடந்தது என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். அப்படிச் சொல்ல மாட்டேன். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டினால் ஆள் பிழைக்க மாட்டான் என்று என்னிடம் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பவன் நான். தேவநாதன் வந்து நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஷட்டர் எட்டடி தூரத்தில்தான் இருந்தது. தூக்கியிருந்தால் வெளிச்சம் வந்திருக்கும். எல்லோரும் எழுந்திருப்பார்கள், அவளும்தான். இன்னும் இருபது நிமிடம் மிச்சமிருந்தது. வாசித்து முடித்தேன்.

அவளையும் சேர்த்து ஆறு பேர் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் சார். கூடவே இதையும் எழுதுங்கள். கடைசி வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. வைஜெயந்தியும் என்னை விட்டுப் போகவில்லை.